கவுண்டருக்கு இருபுறமும்
(வத்திராயிருப்பில் ஆற்றிய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1949 ஏப்ரலில் கே.ஆர். நாராயணன் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முதலில் அனுப்பப்பட்ட ஊர் ரங்கூன். பர்மாவில் அப்போது உள்நாட்டுப் போர். 1948 மார்ச்சில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். 1949 ஜனவரியில் கரேன் படைகள் எழுந்தன. ரங்கூனை அடுத்த இன்செயினைப் பிடித்து நூறு நாட்களுக்கு மேல் போரிட்டன. ஊ நுவின் ஆட்சியை 'ரங்கூன் அரசு' என்று கேலி பேசும் நிலை. நேரு அரசு அவருக்கு ஆயுதம் கொடுத்து உதவியது. அந்த நகரில் இந்தியாவின் சார்பாகப் பணியாற்றப் போனவர், உழவூரில் தீண்டாமைக்குள் பிறந்த ஓர் இளைஞர்.

கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர் அவர். திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். லண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். லாஸ்கியின் கடிதத்தோடுதான் நேருவைச் சந்தித்தார். திறமை இருந்தது, ஆனாலும் கதவு திறக்க ஒரு கடிதம் வேண்டியிருந்தது. கடிதம் கிடைக்காத நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

இன்னொன்றையும் கவனியுங்கள். தீண்டாமை ஒழிப்புப் பிரிவை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1948 நவம்பர் 29இல். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26இல். இடைப்பட்ட காலத்தில் வேலைக்குப் போனவர் அவர். சேரிக்கும் ஊருக்கும் நடுவே கோடு போட்டிருந்த நாட்டுக்காக அயல்நாட்டில் பேசவேண்டிய வேலை அது.

சரி, தூதரகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் யார்? நம்முடைய பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறிய தமிழர்கள். அவர்களும் ஒரே வர்க்கமல்ல. 1930களின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1948இல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. அந்த நிலங்களுக்கான இழப்பீடு இரு அரசுகளும் பேசும் விஷயமானது. வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தவனிடம் என்ன பத்திரம் இருந்தது? இழந்த உழைப்புக்கு எந்த ஆவணத்தைக் காட்டி அவன் இழப்பீடு கேட்பான்? 1964க்குப் பிறகு வெறுங்கையோடு கப்பலில் திரும்பியவர்களுக்கு இங்கே கிடைத்தது 'பர்மா காலனி' என்ற பெயர்.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தபோது, மூலிகை மருந்து விற்கப்போன கர்நாடகத்தின் ஹக்கி பிக்கி பழங்குடியினர் அங்கே சிக்கிக்கொண்டார்கள். அவர்கள் நிலைமை நாட்டுக்குத் தெரிந்தபோது, மீட்பைவிட அரசியல் சண்டைதான் பெரிய செய்தியானது. பிறகு 'ஆபரேஷன் காவேரி' மூலம் 3,800க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். மீட்டது நல்லது. ஆனால் விற்கக் கொண்டுபோன சரக்கும் அதற்காக வாங்கிய கடனும்? விமானம் தரையிறங்கியதோடு அரசின் கணக்கு முடிந்துவிடுகிறது. வட்டிக்காரனின் கணக்கு முடிவதில்லை.

ஆகவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, கவுண்டருக்கு உள்ளே போவது. மாணவர்களே, வெளியுறவுப் பணி நமக்கானதல்ல என்று யாரும் சொல்ல விடாதீர்கள். போய் உட்கார்ந்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். குடியரசுத் தலைவரான பிறகு, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் தலித்துகளையும் பழங்குடியினரையும் பெண்களையும் கருத வேண்டும் என்று நாராயணன் கோப்பிலேயே எழுதினார். நாற்காலியின் பயன் அதுதான்.

இரண்டாவது, வெளியே நிற்பவர்களுக்கு ஆவணம் உண்டாக்குவது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் உண்டு. விபத்தில் இறந்தால் 10 லட்ச ரூபாய். தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. சுற்றுலா விசாவில் ஏஜெண்ட் ஏற்றிவிடும்போது அனுமதியும் காப்பீடும் கைநழுவுகின்றன. இந்த வட்டாரத்திலிருந்து போகிற ஒவ்வொருவரின் ஒப்பந்த நகலும் பாஸ்போர்ட் நகலும் ஊரில் ஒரு வீட்டிலாவது இருக்கட்டும். போர் வந்த பிறகு பட்டியல் தயாரிக்க முடியாது. இன்றே தொடங்குவோம்.