கட்டட ஒப்பந்தக்காரர்களும் மருத்துவக் காப்பீடும்

(கட்டடத் தொழில் செய்வோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடித்தளம் போடாமல் சுவர் எழுப்ப நாம் ஒருபோதும் உடன்படுவதில்லை. ஆயினும் நம் குடும்பங்களை அவ்வாறுதான் நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒப்பந்தக்காரர் நோயில் வீழ்ந்தால், சிமெண்டுக்கும் கம்பிக்கும் வீட்டுக்காரர் கொடுத்த முன்பணம் மருத்துவமனைக்குப் போய்விடுகிறது. வேலை நிற்கிறது, கொத்தனார், சித்தாள் கூலி நிற்கிறது, பல்லாண்டு உழைத்துத் தேடிய நாணயமும் அழிகிறது.

நமக்குள்ள வழிகள் யாவை? இ.எஸ்.ஐ. திட்டம் சம்பளம் பெறும் ஊழியர்க்குரியது. தொழிலைத் தாமே நடத்தும் நமக்கு அது பொருந்தாது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கிறது. அதன் ஆண்டு வருமான வரம்பு 2022இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறு வேலைகள் எடுப்போர் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு இதில் பதிந்துகொள்ளலாம்.

வரம்பைக் கடந்தவர்கள் தாமே பாலிசி எடுப்பதே வழி. குடும்பத்தார் அனைவர்க்கும் ஒரே தொகையைப் பொதுவாக வைக்கும் பாலிசி உண்டு. 2020இல் வந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் ஒரே விதிகளை உடையது. பிரீமியம் மட்டுமே வேறுபடும். எனவே ஒப்பிடுவது எளிது. ஏற்கப்படும் செலவில் 5 விழுக்காடு நம்முடையது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது.

20 ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதே எனச் சிலர் நிம்மதி கொள்கின்றனர். சாரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோதான் அதில் பணம் கிடைக்கும். மருத்துவமனைச் செலவை அது ஏற்காது.

நலமாக இருக்கும்போதே பாலிசி எடுப்பது அவசியம். முதல் 30 நாட்களில் விபத்துக்கு மட்டுமே காப்பு உண்டு. முன்பே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைத்தல் ஆகாது. மறைத்தால், தேவைப்படும் நாளில் பணம் மறுக்கப்படலாம்.

பிரீமியத்திற்குப் பணம் எங்கே என்பீர்கள். மதிப்பீடு எழுதும்போது சென்ட்ரிங் வாடகையைச் சேர்ப்பது போல், இதனையும் தொழிற்செலவாகக் கருதி ஒவ்வொரு வேலையிலிருந்தும் சிறு பங்கை ஒதுக்குவோம். பிறர்க்கு உறுதியான இல்லம் அமைக்கும் நாம், நம் இல்லத்தாரையும் காப்போமாக!