வெராக்ரூஸ் செல்வோர்க்கு

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சங்க உறுப்பினர் சிலருடைய மக்கள் இன்று மெக்சிகோ நாட்டில் பணிபுரிகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர், திரும்புமுன் அந்நாட்டுக் கடற்கரை நகர் ஒன்றையும் கண்டு வர விரும்புவது இயல்பே. நாங்கள் 2024 சனவரியில் பத்து நாள் தங்கியிருந்தது, மெக்சிகோ வளைகுடாவின் கரையிலுள்ள வெராக்ரூஸ் துறைமுகத்தில். நாங்கள் என்றது எங்கள் இருவரையும், எழுபத்து நான்கு வயது நிரம்பிய எங்கள் தமக்கையாரையும். காட்சிகளைக் குறைத்து வழிவகைகளை மிகுதியாகச் சொல்லுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். அவ்வாறே செய்ய முயல்கிறோம்.

முதலில் அனுமதிச் சீட்டுகள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றன் செல்லுபடியாகும் விசா இருப்பின், இந்தியர்க்கு மெக்சிகோ விசா தனியே வேண்டுவதில்லை என்பது நாங்கள் சென்றபோது இருந்த விதி. விதிகள் மாறக்கூடியவை, ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன் புதுதில்லியிலுள்ள மெக்சிகோ தூதரகத்தில் கேட்டறிவது நன்று. அமெரிக்கா வழியாகச் செல்வோர், விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும், அந்நாட்டு அனுமதியைப் பெற்றிருத்தல் வேண்டும். மற்றொன்று: 180 நாள் என்பது தங்கக்கூடிய மேல்வரம்பே. எத்தனை நாள் என்பதைத் துறைமுக அதிகாரியோ விமான நிலைய அதிகாரியோ முத்திரையிடும்போது குறிப்பார். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அவ்விடம் விட்டு நகருங்கள்.

நம் நாட்டிலிருந்து செல்வோர் முதலில் தலைநகராகிய மெக்சிகோ நகரில் இறங்குவர். அது கடல் மட்டத்திற்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. முதியோர்க்குச் சற்று மூச்சு வாங்கும். இரண்டு நாள் அங்கே இளைப்பாறிச் செல்லலாம். வெராக்ரூஸ் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு. விமானமும் உண்டு; ஆயினும் பகற்பொழுதில் பேருந்தில் செல்லுமாறே சொல்வோம். கிழக்குப் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஐந்தரை மணி நேரம். பேருந்துக்குள் குளிரூட்டி நடுங்க வைக்கும். போர்வை ஒன்று கையில் இருக்கட்டும். வழியில் மலைச்சரிவு கிடுகிடுவென இறங்கும்போது, வானம் தெளிவாக இருந்தால், 5,636 மீட்டர் உயரமுள்ள ஒரிசாபா பனிமுடியைக் காணலாம். இவ்வழியில் 1873-இல் திறக்கப்பெற்ற புகழ்வாய்ந்த இருப்புப்பாதை ஒன்று உண்டு. அதில் ஓடிய பயணிகள் வண்டி 1990-களின் இறுதியில் நின்றுபோயிற்று.

பணத்தைப் பற்றி ஒரு சொல். பெசோ நாணயத்திற்கும் டாலருக்கு இடும் அதே குறியைத்தான் இடுகிறார்கள். விலைப்பட்டியலில் ஒரு காப்பிக்கு அறுபது என்று கண்டு நாங்கள் முதல் நாள் திடுக்கிட்டு எழுந்துவிட்டோம்! மின்சாரமும் வேறு: அங்கே 127 வோல்ட்; தட்டைக் கால்கள் இரண்டு கொண்ட செருகி. கைபேசிக்குக் குறையில்லை. நாங்கள் ஆசையோடு சுமந்து சென்ற மின் அடுப்புப் பானையில் அரிசி ஊறியதேயன்றி வேகவில்லை. விதைகளையும் பச்சை இலைகளையும் பழங்களையும் சுங்கத்தார் அனுமதியார். கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். குழாய் நீரைப் பருகலாகாது. அவ்வூராரே பெரும்பாலும் புட்டி நீரைத்தான் பருகுகின்றனர்.

நவம்பர் முதல் மார்ச் வரை வெப்பம் தாங்கக்கூடியது. ஆனால் அப்பருவத்தில் 'நோர்த்தே' எனும் வாடைக் காற்று திடீரென வீசும். கடற்கரை மணல் முகத்தில் அறையும், குடை நில்லாது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். சூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். கொசுவினால் டெங்கு பரவும் கரை அது; மாலையில் முழுக்கைச் சட்டை நலம். நீலக் கடலும் வெண்மணலும் நாடுவோர்க்கு இக்கடல் ஏமாற்றம் தரும். நீர் பழுப்பாகவே இருக்கும். இது வாணிகர்களும் மாலுமிகளும் வளர்த்த ஊர்.

அவ்வூரின் பெருமை, எதிரே நிற்கும் சான் ஹுவான் தே உலுவா கோட்டை. 1519-இல் கோர்த்தேசு இக்கரையில் இறங்கினான். கோட்டைப் பணி 1535 அளவில் தொடங்கிற்று. சுவர்களெல்லாம் கடலிலிருந்து வெட்டிய பவழக்கல். கையால் தடவினால் பவழத்தின் கண்கள் விரலில் தட்டுப்படும். 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்ற பின்னரும் இக்கோட்டையை மட்டும் ஸ்பானியர் 1825 வரை விடாது பிடித்திருந்தனர். பின்னாளில் நாட்டின் தலைவரான பெனிட்டோ ஹுவாரெஸ் 1853-இல் இங்கே சிறையிருந்தார். அவ்விருட்டறைகளில் ஐந்து நிமிடம் நின்றாலே புழுக்கத்தில் உடல் நனைகிறது. திங்கட்கிழமை செல்லாதீர்கள், அங்குள்ள அரசுக் காட்சியிடங்கள் பெரும்பாலும் அன்று மூடியிருக்கும்.

இனி, எங்களை மிகவும் வருத்திய செய்திக்கு வருகிறோம். எங்கள் தமக்கையார் பிறந்தது முதல் புலால் உண்ணாதவர். நாங்களோ ஸ்பானிய மொழியில் 'சின் கார்னே', அதாவது 'இறைச்சி வேண்டா' எனும் இரண்டு சொற்களை நெட்டுருச் செய்துகொண்டு துணிவுடன் சென்றோம். இரண்டாம் நாள் பகலில் ஓர் உணவு விடுதியில் இச்சொற்களைச் சொல்லிக் காய்கறிச் சாறு கேட்டோம். பணியாளரும் முகமலர்ந்து தலையசைத்தார். தமக்கையார் இரண்டு கரண்டி அருந்திய பின்னரே அடியில் கோழித் துண்டுகள் இருப்பதைக் கண்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். அன்றும் மறுநாளும் வாழைப்பழமும் நீருமே அவர் உணவு. 'ஊருக்குத் திரும்பிவிடலாமா?' என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

பணியாளர் மீது குற்றமில்லை. அங்கே 'கார்னே' என்றால் பலருக்கு ஆடு மாடு பன்றியின் இறைச்சிதான். கோழியும் மீனும் அக்கணக்கில் சேரா. அவரை பன்றிக் கொழுப்பில் தாளிக்கப்படுகிறது. சிவப்புச் சோறு கோழிச் சாற்றில் வேகிறது. சமைப்போர்க்கு அவை எண்ணெயும் தண்ணீரும் போன்றவை. கேட்டாலன்றிச் சொல்லத் தோன்றாது. தங்கும் விடுதியின் மூதாட்டியார் எங்கள் முகவாட்டம் கண்டு காரணம் வினவி, ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி மாரிஸ்கோஸ், நி மான்தேக்கா, நி கால்தோ தே போயோ.' இறைச்சி, கோழி, மீன், நண்டு இறால், பன்றிக் கொழுப்பு, கோழிச் சாறு எதுவும் உண்பதில்லை என்பது பொருள். அதன் பின் எவ்விடத்தும் பிழை நேரவில்லை. அட்டையைப் படித்ததும் சமையலறைக்கே எடுத்துச் சென்று காட்டிவிட்டு வருவார்கள்.

மக்காச்சோள ரொட்டி, வெண்ணெய்ப்பழம், பாலாடைக் கட்டி, வறுத்த நேந்திரம் போன்ற வாழை, அன்னாசி, புளி கரைத்த இனிப்பு நீர்: இவற்றால் வயிறு நிறையும். கோதுமை ரொட்டியில் கொழுப்பு சேர்வதுண்டு. சோள ரொட்டியையே கேளுங்கள். மிளகாய்க்குக் குறைவே இல்லை. 'ஹலபேனியோ' மிளகாயின் பெயரே அம்மாநிலத் தலைநகரான ஹலாப்பாவினின்று வந்தது. நம் சமையலறை மிளகாய்க்கும் மெக்சிகோவை உள்ளிட்ட அப்பகுதியே தாயகம் அன்றோ!

தமக்கையாரின் மனம் தேறியது காப்பிக் கடையில். 1808-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் 'லா பரோக்கியா' என்னும் பெரிய கடை துறைமுகத்தருகே இருக்கிறது. கண்ணாடிக் குவளையின் அடியில் கெட்டியான காப்பிச் சாற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். பால் வேண்டுமெனில் கரண்டியால் குவளையைத் தட்ட வேண்டும். கெண்டி ஏந்தியவர் வந்து, தோளுயரத்திலிருந்து கொதிக்கும் பாலை நுரைக்க நுரைக்க ஊற்றுகிறார். கூடமெங்கும் கணகணவென்று ஒலி. தமக்கையார் முதலில் கூசினார்; பின்பு தாமும் தட்டினார். ஒரு மிடறு பருகிவிட்டு, 'டிகாக்ஷன் நல்ல கெட்டி' என்றார். பத்து நாளும் காலையில் அங்கேதான் சென்றோம். திரும்பும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

மூதாட்டியார் எழுதிய அட்டையின் படிகள் இருபது, தமிழ் எழுத்திலும் ஸ்பானிய எழுத்திலுமாக, நம் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். செல்வோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.