ஸ்பேர் கார்புரேட்டரைக் காப்பது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டுச் சாலையில் போனால், மலையடிவாரத்தை ஒட்டிய ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. அந்தப் பக்கத்தில் பழைய புல்லட்டோ, ஆர்.எக்ஸ். 100 வண்டியோ, டி.வி.எஸ். மொபெட்டோ வைத்திருப்பவர்களுக்கு இன்றைய பேச்சு பயன்படும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின், புது பைக்குகளில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். அதனால் கார்புரேட்டர் வண்டிக்கு, பட்டறையில் நன்றாகச் சீர்செய்த ஒன்றை ஸ்பேராக எடுத்து வைப்பது நல்ல யோசனை.

ஆனால் அப்படியே தூக்கி அலமாரியில் வைத்துவிடக் கூடாது. மிதவைக் கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகும். அடியில் பிசின் படியும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது அடைத்தால் வண்டி ஐடிலில் நிற்காது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; அந்த ஈரம் உள்ளேயே தங்கினால் உலோகம் வெள்ளையாகப் பூக்கும்.

ஆகவே முதல் வேலை, கிண்ணத்தைத் திறந்து முழுக்க வடிப்பது. பிறகு எல்லா வழிகளிலும் காற்றடித்து உலர்த்துங்கள். ஜெட்டுக்குள் கம்பி விட வேண்டாம், துளை பெரிதாகிவிடும். ஸ்லைடிலும் ஸ்பிரிங்கிலும் மெல்லிய எண்ணெய் தடவலாம். ரப்பர் டயாஃப்ரம் உள்ள வகையானால் அதன்மேல் எண்ணெய் படக் கூடாது. வாய்களைச் சுத்தமான மூடியால் அடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பையில் போடுங்கள். வெயில், பேட்டரி, ஜெனரேட்டர் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

கூடவே ஒரு சீட்டும் வேண்டும். எந்த வண்டிக்கு, மெயின் ஜெட் எண் என்ன, ஸ்லோ ஜெட் எண் என்ன, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று, எந்தத் தேதியில் சீர்செய்தது என எழுதுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோல் ஓங்கும். அதற்காக அளவை மாற்றும்போது, சமவெளிக்கு வைத்த அளவை எழுதாமல் விட்டால், பிறகு யாருக்கும் தெரியாது.

ஆண்டுக்கு ஒருமுறை அதை வண்டியில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். கழற்றும்போது மறுபடி வடித்து உலர்த்துங்கள். மெக்கானிக் நாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. அவசரத்துக்குக் கைகொடுக்கும் நிலையில் அதை வைத்திருப்பது நம் பொறுப்பு.