குருதி கூறும் முன்னறிவிப்பு

நுரையீரற் புற்றுநோய்க் கட்டியை அறுவை மருத்துவர் அகற்றிய பின்னரும் நோயாளியின் உள்ளத்தில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: நோய் மீண்டும் வருமோ? ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணுக்கள் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. எங்கோ தங்கிவிட்ட சில ஆயிரம் அணுக்களை ஸ்கேன் படம் காட்டாது.

ஆனால் உடலின் காவலர்களாகிய டி அணுக்கள் அவற்றை உணரக்கூடும். அவை முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பியின் பணியை 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் வெளிப்படுத்தினார். புற்றணுவின் திரிந்த புரதத்தை இனங்காணும் டி அணு பல்கிப் பெருகும். அப்பெருக்கத்தைக் குருதியில் அளந்து, நோய் திரும்புவதை முன்கூட்டியே அறிய முடியுமா என அறிஞர்கள் ஆராய்கின்றனர்.

இதில் இடரும் உண்டு. சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் டி அணுக்கள் பெருகும். ஆதலால் புற்றைக் குறிவைக்கும் அணுக்களை மட்டும் பிரித்தறிதல் வேண்டும். இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

திரும்பி வரும் நோய் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகிறது. பணி மாற்றத்தால் மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் மருத்துவக் குறிப்புகளை உடன் எடுத்துச் செல்க. மருத்துவர் குறித்த நாளில் செய்யவேண்டிய ஸ்கேன் பரிசோதனையை எக்காரணத்தாலும் தள்ளிப்போடலாகாது.