கூடையைக் கொஞ்சம் இறக்கி வைப்போம்

(தோட்டப் பிரஜாசாலையில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



காலையில் பெரட்டுக்கு வரும்போதே முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று. கடைக் கடன், அடகில் இருக்கும் தோடு, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை ரெண்டு கிழமையாகப் பேசாமல் இருப்பது. எல்லாம் உண்மையான கவலைகள். "கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அப்படிச் சொன்னால், "ஐயாவுக்கு என்ன, மாசச் சம்பளக்காரர்" என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

கிளிநொச்சியில் இருக்கும் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

நம்மில் பல பேருக்கு வன்னியில் சொந்தம் உண்டு. 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் நம் ஆட்கள். தர்மபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் என்று போனால் நம் பேச்சே காதில் விழும். பெரியம்மா 1977இல் ஒரு தகரப் பெட்டியோடு போனவங்க. கொழுந்து பறித்த கை அங்கே மண்வெட்டி பிடித்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் பனையோலைப் பெட்டி இழைக்கவும் பழகிக்கொண்டாங்க.

2009இல் யுத்தம் முடிந்தபோது பெரியம்மாவின் இளைய மகனைக் காணவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்த வருடம் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சனம் முகாம்களில் இருந்தது. பெரியம்மா இருந்தது செட்டிக்குளம் மெனிக்பாமில். மாதக் கணக்கில் பேச்சு இல்லை, கூடாரத்தை விட்டு வெளியே வரவும் இல்லை.

ஒரு விடியற்காலை என்ன தோன்றியதோ, அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து வாசலில் நாலு புள்ளி வைத்துக் கோலம் போட்டாங்களாம். அங்கே மாவுக்கு எங்கே போவது? மத்தியானத்துக்குள் ஆள் நடந்து அழிந்துவிட்டது. மறுநாளும் போட்டாங்க. மூன்றாம் நாள் அடுத்த கூடாரத்துச் சின்னப்பிள்ளை ஒன்று வந்து, "நானும் புள்ளி வைக்கட்டா அம்மம்மா?" என்று கேட்டதாம்.

பிறகு நான் கேட்டேன், "கவலை போயிருச்சா பெரியம்மா?" என்று.

"போகல்ல மகன். அது இப்பவும் இருக்கு. கோலம் போடுற நேரம் மட்டும் இறக்கி வச்சிருந்தேன். மலையில கூடைய இறக்கி வச்சிட்டுத் தண்ணி குடிக்கிறதில்லையா, அது மாதிரி."

இன்றைக்கு மகனைத் தேடி மனுக் கொடுக்கவும் போறாங்க, பெட்டி இழைத்து விற்கவும் செய்றாங்க. ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை.

நம் கவலையையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். பேங்கில் கேட்பது, கிளினிக்குக்குப் போவது, சேமலாப நிதிப் பத்திரம் நிரப்புவது, இவையெல்லாம் செய்து முடிக்கக்கூடியவை. அவற்றுக்கு ஒரு நாள் குறியுங்கள், எழுத உதவி வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள். மற்றது, ராத்திரி படுத்துக்கொண்டு புரட்டிப் புரட்டி யோசிப்பது. அதில் ஒரு சதமும் அடைபடாது. அதை மறக்க ஒரு போத்தல் வாங்கினால் கடன்தான் கூடும்.

அந்த நேரத்தைக் கைக்குக் கொடுங்கள். இஸ்தோப்பில் ஒரு கோலம், பழைய சேலையில் பிள்ளைக்கு ஒரு சட்டை, லயத்துப் பின்னால் ஒரு பாத்தி கீரை, பேரப்பிள்ளைக்கு ஒரு தாலாட்டு. இது நமக்குப் புதுசு இல்லை. மடக்கும்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேர்த்த பாட்டுகளைக் கட்டியவர்கள் யார்? நம் பாட்டிமார்தான். அவர்களுக்குக் கவலை இல்லாமலா இருந்தது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வாலிபத்தில் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியவன் நான். 2022இல் அரிசி, மா விலை ஏறினபோது, "இந்த வருஷம் காமன் வேண்டாம், காசில்லை" என்று முதலில் சொன்னதும் நான்தான். அதோடு நின்றுபோயிற்று. இன்றைக்கு நம் தோட்டத்துப் பையன்களில் ஒருவனுக்கும் அந்த அடவு தெரியாது. அந்தப் பிழை என்னுடையது. கூத்துக்குக் காசை விட ஆள்தான் தேவை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இதே இடத்துக்கு வாருங்கள், தெரிந்ததைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். வருகிற மாசியில் காமன் ஊன்றுவோம்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். தூக்கமே இல்லை, உயிரோடு இருந்து என்ன என்று யாருக்காவது தோன்றினால், அது கோலத்தால் தீருகிற காரியமில்லை. உடனே ஒருத்தரிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். என் கதவையும் தட்டலாம்.

கூடையை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இறக்கி வைப்போம்.