பறை சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் எங்க வாங்குறது?

வண்டியூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "பறையாட்டம் சொல்லிக்கொடுக்கப் போனா, பள்ளிக்கூடத்துல சான்றிதழ் கேட்கிறாங்க. என்னண்ணே பண்றது?"

லண்டன்ல டாப் டான்ஸ் வாத்தியார் ஆக ஒரு வழி இருக்கு. 1904-ல தொடங்கின இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் தேர்வு வச்சு, ஆசிரியர் தகுதி தருது. சட்டப்படி அது அங்கேயும் கட்டாயம் இல்ல.

நம்ம பக்கம் அந்தத் தேர்வை நடத்துறவர் ஆசான். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ கிடைச்சது. 'ஆசான்'ங்கிறது எந்தக் கல்லூரியும் கொடுக்கிற பட்டம் இல்ல பாருங்க.

தம்பி, அடிக்கத் தெரிஞ்சா பாதிதான். கால் தடுமாறுற பத்து வயசுப் பிள்ளைக்கு அடவை உடைச்சுக் காட்டணும். முதல்ல வாயால சொல்ல வைங்க, அப்புறம் கால், கடைசியாத்தான் கையில குச்சி.

கட்டணம் கேட்கக் கூச்சப்படாதீங்க. பறையைச் சாதிக் கடமையாக்கி, கூலி பேசவே விடாத ஊருங்க இது. இலவசமா சொல்லிக்கொடுத்தா அந்தக் கணக்குதான் தொடரும்.

சான்றுக்கு, எத்தனை வருஷம் கத்துக்கிட்டீங்க, எங்கெல்லாம் ஆடினீங்கன்னு உங்க ஆசான்கிட்ட கையெழுத்தோட எழுதி வாங்குங்க. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதிஞ்சு வைங்க. அது கலைஞர்ங்கிறதுக்கு அடையாளம், வாத்தியார்ங்கிறதுக்கு இல்ல. அதுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்க விடச் சொல்லுங்க.