மலையும் கடலும்

(ஜவ்வாது மலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலைக் கண்ணாற் காணாதார் பலர் கூடியுள்ள இச்சபையில் கடல்மீனைக் குறித்துப் பேச எழுந்தேன். சாமையும் தேனும் பேச வேண்டிய இடத்தில் இஃதென்ன பேச்சு என்று சிலர் நகைக்கவுங் கூடும். ஆகையால் காரணத்தை முதற்கண் சொல்லி விடுகின்றேன்.

நம் மலையிற் பிறக்கும் செய்யாறு சமவெளியில் இறங்கி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடி, வயலூருக்கு அருகே வங்கக் கடலிற் சேர்கின்றது. நம் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறி வந்தனர் என்பது முதியோர் வாய்மொழி. அவர்கள் ஏறி வந்த திசை நோக்கியே நம் நீர் இறங்கிச் செல்கின்றது. இவ்வுறவு ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. காட்டுக்கும் கடலுக்கும் வேலியில்லை. இரண்டிலும் பிழைப்போர் ஏழை எளியவர். இரண்டையும் மேற்பார்க்க அரசாங்கத்தில் ஒவ்வோர் இலாகா உண்டு. எனவே கடலோரத்தார் கண்ட நன்மை தீமைகள் நமக்கும் பாடமாகும்.

மீன் இலாகா பிறந்த வரலாற்றைச் சிறிது கேளுங்கள். 1905-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார் சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பாரை மீன்தொழிலை ஆராயும்படி நியமித்தனர். உழவர் கடன் தொல்லையை ஆராய்ந்து கூட்டுறவு இயக்கத்திற்கு வித்திட்டவரும் இவரே. 1907-இல் மீன்துறைக் காரியாலயம் ஏற்பட்டது. உப்பின் மேல் வரி இருந்த அக்காலத்தில், மீன் உணக்கும் முற்றங்களில் வரியில்லா உப்புக் கொடுக்கப்பட்டு வந்தது. பிற்காலத்தில் அதன் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னல் சங்கையும் முத்தையும் நம் நாட்டுப் படகுகளையும் நுணுகி ஆராய்ந்து நூல்கள் எழுதினார். அவ்விலாகாவே இன்று மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை என்னும் பெயரோடு 1,076 கிலோமீட்டர் கடற்கரையைக் கண்காணிக்கின்றது.

அரசாங்கம் நெடுங்காலமாகக் காத்து வந்த பொருள் முத்து. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பார்களில் சிப்பி முதிர்ந்ததா என்று சோதித்துப் பார்த்து, முதிர்ந்தால் மட்டுமே முத்துக்குளிப்புக்கு உத்தரவாகும். இல்லையேல் எத்தனை ஆண்டாயினும் காத்திருக்க வேண்டியதே. 1961-க்குப் பின் அங்கே முத்துக்குளிப்பு நடைபெறவேயில்லை. உத்தரவு போட்டு மனிதனை நிறுத்தலாம். உத்தரவு போட்டுச் சிப்பியை வளர்க்க இயலாது.

சுதந்திரம் வந்தபின் விசைப்படகும் இழுவலையும் வந்தன. ஒரு நாளிற் கிடைக்கும் மீன் பெருகிற்று. கூடவே சண்டையும் பெருகிற்று. கரையோரத்தில் வலை விரித்திருந்த கட்டுமரக்காரரின் வலைகளை விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு சென்றன. கைகலப்பும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன. அதன் பிறகே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கு உரியது. விசைப்படகு அதற்கு அப்பால் செல்ல வேண்டும் என்பது அன்று அதன் முக்கிய விதியாயிருந்தது. பாக் விரிகுடாவிலோ, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கும் நான்கு நாள் நாட்டுப்படகுக்கும் என்று நாளையே பங்கிட்டனர்.

பின்னர் 2001 முதல் கோடையில் 45 நாட்களுக்கு விசைப்படகுகள் நிறுத்தப்பட்டன. 2017 முதல் அது 61 நாட்களாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய அப்படகுகள் கரையில் நிற்கும். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பெருகுவதற்கென்று ஏற்பட்ட ஓய்வு இது. இங்கே கவனிக்கத் தக்கது யாதெனில், வேலை நிறுத்தச் சொல்லும் அரசாங்கமே அக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு உதவித்தொகையும் அளிக்கின்றது. தொகை போதாதென்னும் குறை உண்டு. ஆயினும், "காத்திரு" என்று ஏழையைப் பார்த்துச் சொல்பவன், அவன் அடுப்பெரிய வழியும் சொல்ல வேண்டுமென்னும் நியாயம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றது.

சட்டம் எழுதியதாலேயே எல்லாம் சரியாயிற்றென்று எண்ணி விடாதீர்கள். கடலில் எல்லைக்குக் கல் நாட்ட முடியுமா? இரட்டைமடி வலையும் சுருக்குமடி வலையும் தடுக்கப்பட்டவை. ஆனாலும் சுருக்குமடி வலைக்காகக் கடன்பட்டுப் பொருளை முடக்கியவர்கள் கேட்பாரோ? ஊருக்கு ஊர் பகை மூண்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2023 ஜனவரியில், 12 கடல்மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பல நிபந்தனைகளோடு, அவ்வலையை இட இடைக்கால அனுமதி தரப்பட்டது. ஊர்ப் பஞ்சாயத்து ஒருமித்து நின்ற இடத்தில் கட்டுப்பாடு நின்றது. ஊரே இரண்டுபட்ட இடத்தில் அதிகாரியின் படகு எத்தனை முறை சுற்றி வந்தும் பயன் சிறிதே.

இனி நம் தாய்மார்கள் செவிசாய்த்துக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. 1986-இல் அவை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு வனத்துறையின் காவலுக்குள் வந்தன. பவளப் பாறைகளும், ஆவுளியா என்னும் கடற்பசுவும் அழியாதிருக்க அக்காவல் அவசியமே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தீவுகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாய்க் கடற்பாசி சேர்த்து வந்த பெண்கள் ஒரே நாளில் குற்றவாளிகளைப் போல் ஆயினர். நம் பெண்டிர் தலையிற் சுமந்த கடுக்காய் மூட்டையை இறக்கி வைத்துப் பதில் சொல்ல நேர்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் நிலை எளிதில் விளங்கும்.

அப்பெண்கள் என் செய்தனர்? அழுதும் முறையிட்டும் ஓயவில்லை. மாதத்தில் 12 நாளுக்கு மேல் பாசி எடுக்கச் செல்வதில்லை என்று தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவிகளை விலக்கிக் கையாலேயே பறித்தனர். பாசி வளரும் பருவத்தில் அதனைத் தொடாது விட்டனர். எந்த அதிகாரியும் எழுதிக் கொடுத்த விதியன்று இது. கடலைக் காப்பவர் யார் என்னும் கேள்விக்கு அவர்கள் கையினாலேயே விடை சொன்னார்கள்.

நம் மலைக்கு வருவோம். இம்மலையின் சந்தனத்தை உலகம் அறியும். சந்தனமரம் சர்க்காரின் சொத்து என்றே சட்டம் நெடுநாள் சொல்லிற்று, காவலும் இருந்தது, தண்டனையும் இருந்தது. இருந்தும் பெருமரங்கள் போயின. தன் கொல்லையில் முளைத்த மரத்தில் தனக்குப் பங்கில்லை என்றறிந்தவன் அதற்குக் காவல் நிற்பானா? அயலார் கோடரியோடு வந்தபோது நம்மவரிற் சிலர் வழிகாட்டியாயினர். பலர் கண்டும் காணாதிருந்தனர். பழியை முழுதும் இலாகாவின் தலையிற் போட்டு நாம் கைகழுவுதல் தகாது.

ஆனால் மீனவர்க்கு இல்லாத ஒரு பேறு நமக்கு உண்டு. கடலில் தமக்குள்ள வழிவழி உரிமையை உறுதி செய்யும் தனிச்சட்டம் வேண்டுமென்று அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். நமக்கோ 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கின்றது. வழக்குகளால் நம் மாநிலத்தில் பட்டா வழங்குதல் பல்லாண்டு தடைப்பட்டிருந்தது மெய்யே. இன்று அத்தடை இல்லை. அச்சட்டம் தனித்தனி நிலவுரிமையோடு, ஊர் முழுமைக்குமான கூட்டுரிமையையும் தருகின்றது. கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கடமையையும் தருகின்றது. நம்மவரிற் பலர் தத்தம் நிலத்துக்குப் பட்டா பெற அலைகின்றனரேயன்றி, ஊருக்குரிய காட்டின் கூட்டுரிமைக்கு மனுச் செய்வோர் அரியர்.

ஆகவே இச்சபையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வோர் ஊரும் கிராம சபையில் கூட்டுரிமைக்குத் தீர்மானம் செய்து மனு அளிக்க வேண்டும். இரண்டாவது, மனுவின் முடிவுக்குக் காத்திராமலே, கனி பறிக்கக் கிளையை வெட்டுவதில்லை, தேனெடுக்கையில் அடை முழுவதையும் அறுப்பதில்லை, பிஞ்சில் கடுக்காய் உதிர்ப்பதில்லை என்று ஊர்க்கவுண்டர் முன்னிலையில் நாமே கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, அக்கட்டுப்பாட்டைச் செய்யும் கூட்டத்தில் பெண்கள் கட்டாயம் அமர வேண்டும். காட்டுக்குள் நாள்தோறும் செல்பவர் அவர்களே.

உரிமை கேட்டுச் செல்பவன் கையில் மனுவோடு தன் ஊர்க் கட்டுப்பாட்டையும் எடுத்துச் செல்வானாயின், அதிகாரியும் அவனைக் காட்டுக்கு உடையவனாகவே எண்ணிப் பேசுவார். நம் பிள்ளைகள் செய்யாற்றின் நீர் போலக் கீழே இறங்கிக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குச் செல்கின்றனர். நீர் திரும்பி ஏறாது. பிள்ளைகள் திரும்பி வருவார்கள். அவர்கள் வரும்போது காடு இருக்க வேண்டும். அக்காட்டில் அவர்களுக்கு ஓர் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும்.